மெத்தைக்காரர் வாயை மூடிய கதை

மெத்தைக்காரருக்கு வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. கடைக்கு ஒரே ஒரு தலையணை வாங்க வந்தவர், தன் கழுத்துவலியைப் பற்றி வாயெடுத்தால் போதும். மெத்தைக்காரர் தன் கழுத்துவலி, மாமனார் கழுத்துவலி, எதிர்க்கடைத் தையல்காரர் கழுத்துவலி என்று ஒரு சுற்று போய்விட்டுத்தான் திரும்புவார். வந்தவர் விட்டால் போதுமென்று இரட்டைக் கட்டில் மெத்தையாகவே வாங்கிக்கொண்டு ஓடுவார். அதனால் வியாபாரத்துக்குக் குறைவில்லை. மனுஷர் தங்கமான மனுஷர், அதையும் சொல்லிவிட வேண்டும்.

"உங்க வாயை வாடகைக்கு விட்டா நாம உட்கார்ந்து சாப்பிடலாம்" என்பாள் அவர் மனைவி. அவளுக்குப் பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் வேலை, வாசல் மேஜையில். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள். அவர்களோடு பழகிப் பழகி அவளும் வார்த்தைகளைச் சிக்கனமாகத்தான் செலவழிப்பாள். உட்காருங்க, உள்ள போங்க, அடுத்த வாரம் வாங்க. முடிந்தது. இப்படி ஒரு ஜோடிப் பொருத்தம்!

இந்த மெத்தைக்காரருக்குத் தலை நரைக்கிற வயதில் ஒரு கிறுக்கு பிடித்தது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். நல்ல ரோடு கண்ணெதிரே இருக்கும்போதே அதை விட்டு இறங்கி, சேற்றிலும் மணலிலும் பாறையிலும் ஓட்டி, உடம்பெல்லாம் வலிக்க வீட்டுக்கு வந்து, தன் கடை மெத்தையிலேயே குப்புறப் படுப்பார். கிறுக்கை ஏற்றிவிட்டது மச்சான்தான், அதாவது மனைவியின் அண்ணன். அவர் வண்டிப் பட்டறை வைத்திருப்பவர். மூன்றாவது ஆள் சாட்சாத் அந்தப் பல் டாக்டரம்மா. மூன்று வண்டிகள், மூன்று பேர், லீவு நாளானால் காடு மேடு.

எல்லாம் சரி, ஒரு நாள் டாக்டரம்மாவின் வண்டி சேற்றில் புதைந்துவிட்டது. முன்னால் போன இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. மலைச்சரிவில் செல்போன் செத்த பிணம். டாக்டரம்மா சேற்றில் நின்று கத்தின கத்து எந்தப் பல்லைப் பிடுங்கும்போதும் எந்த நோயாளியும் கத்தாத கத்து. "வண்டிக்கு வண்டி ரேடியோ மாட்டாம இனிமே நான் வாசல் தாண்ட மாட்டேன்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அதற்கு வேண்டிய அனுமதிக்கெல்லாம் மச்சான் அலைந்து முடித்தார். மூன்று பேரும் கடைக்குப் போனார்கள்.

ரேடியோக் கடைக்காரர் பொறுமைசாலி. செட்டை டாஷ்போர்டுக்குக் கீழே மாட்ட வேண்டும், ஆன்டெனாவை எவ்வளவு உயரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும், மூன்று வண்டியும் ஒரே சேனலில் இருக்க வேண்டும், நடுவில் மலை வந்தால் குரல் எட்டாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்புறம் சுருள் வயர் தொங்கும் மைக்கைக் கையில் எடுத்தார்.

"பட்டனை அமுக்குங்க. ஒரு மூச்சு விடுங்க. அப்புறம் பேசுங்க. முடிஞ்சதும் ஓவர்னு சொல்லிட்டு விட்டுடுங்க. நீங்க பேசறப்போ இங்க சிவப்பு விளக்கு எரியும். எரியற வரைக்கும் உங்களுக்கு யார் பேசறதும் கேக்காது, மத்தவங்களும் பேச முடியாது. ஒருத்தர் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டா, மீதிப் பேரெல்லாம் வாயை மூடிக்கிட்டுக் கேட்டுத்தான் ஆகணும்."

அந்தக் கடைசி வாக்கியம் மெத்தைக்காரருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

"ஒரு நிமிஷத்துக்கு மேல பேசினா தானா கட்டாகிற மாதிரி ஒரு வசதியும் இருக்கு சார்."

"ஐயையோ, அது என்னத்துக்கு? கதை பாதியில நின்னா நல்லாவா இருக்கும்? எடுத்துடுங்க, எடுத்துடுங்க!"

எடுத்துவிட்டார் கடைக்காரர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒத்திகை. டாக்டரம்மாவிடம் இரவல் வாங்கிய கையடக்க செட்டை மனைவி கையில் கொடுத்துச் சமையலறையில் நிறுத்திவிட்டு, மெத்தைக்காரர் வாசலில் ஜீப்பில் ஏறினார். பேசினார். பேசினார். ஜீப்பின் குலம் கோத்திரம் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "ஏன் பதிலே சொல்ல மாட்டேங்கற?" என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார். அவள் கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றாள்.

"பட்டனை விட்டாத்தானே நான் பேச முடியும்?"

நாக்கைக் கடித்துக்கொண்டு விட்டார். அவள் உள்ளே போனாள். செட் கரகரத்தது. "பால் பொங்குது. வந்து நிறுத்துங்க. ஓவர்." அவள் ஒரே தடவையில் கற்றுக்கொண்டுவிட்டாள், பாருங்கள்.

இவர் கற்றுக்கொள்ளவில்லை. ரேடியோ மாட்டின முதல் பயணத்திலேயே சந்தி சிரித்தது. பட்டன் அமுங்குவதற்கு முன்பே இவர் வாய் கிளம்பிவிடும். முதல் வார்த்தை காற்றில் போகும். அமுங்கின பிறகோ விடவே மாட்டார். ஒரு வாடிக்கையாளர் மெத்தையைத் திருப்பிக் கொண்டுவந்த கதையை ஒரு கையால் ஸ்டீயரிங், ஒரு கையால் மைக் என்று பிடித்துக்கொண்டு இவர் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, முன்னால் போன மச்சான் பாதையில் ஒரு பெரிய பிளவைப் பார்த்துவிட்டு எச்சரிக்க முடியாமல் தவித்தார். கடைசியில் வண்டியை நிறுத்தி, இறங்கி, கையை ஆட்டிக்கொண்டு ஓடி வர வேண்டியதாயிற்று.

ஊர் வாயை எல்லாம் திறக்கச் சொல்லிச் சம்பாதிக்கிற டாக்டரம்மா இவரை மட்டும் மூடச் சொன்னார். "இனிமே மைக் உங்க கையில இருந்தா நான் வரலை. பக்கத்து சீட்ல ஒரு ஆளை உட்கார வச்சு, அவங்க பேசட்டும். உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

கூட்டிட்டு வாங்க என்று சொல்லிவிட்டார். ஆனால் வண்டி ஒன்றில் மச்சான் இருக்கிறாரே!

அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் வண்டி பழகிக்கொண்டிருந்த காலம் அது. அண்ணனின் புது வண்டியைப் பட்டறையிலிருந்து பின்னால் எடுக்கும்போது, நேராகக் கொண்டுபோய் ஷட்டரில் சாத்திவிட்டாள். பட்டறை ஆட்கள், வாடிக்கையாளர்கள் எல்லாரும் நிற்க, "உன் கையில சாவியைக் கொடுத்தவனைத்தான் உதைக்கணும்!" என்று அண்ணன் கத்தினார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கினாள், சாவியை மேஜைமேல் வைத்தாள், நடந்தே வீட்டுக்கு வந்தாள். அன்றோடு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. அண்ணனிடம் பேசவும் இல்லை. அவரும் வரவில்லை. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. நடுவில் தூது போய்ப் போய் மெத்தைக்காரருக்குத்தான் செருப்புத் தேய்ந்தது.

இப்போது கத்தி கழுத்துக்கு வந்துவிட்டது. மச்சான் பட்டறையை விற்றுவிட்டு, தொலைதூரத்து ஊர் ஒன்றில் குடியேறப் போகிறார். அடுத்த பயணம்தான் இந்தக் கூட்டத்தோடு அவருக்குக் கடைசிப் பயணம். இப்படியே பேசாமல் போய்விட்டால் போனதுதான். அப்புறம் அவள் வாழ்நாள் முழுக்க உர்ரென்று இருப்பாள், அதைத் தாங்க மெத்தைக்காரருக்கு மனசில் தெம்பு இல்லை. மனைவி மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம்.

"டாக்டரம்மாவே கேட்டாங்க, நீ வரணுமாம்" என்றார்.

"டாக்டரம்மாவுக்காக வர்றேன். வேற யாருக்காகவும் இல்லை."

அந்தக் கடைசிப் பயணம் இருக்கிறதே, கேளுங்கள். முன்னால் மச்சான், நடுவில் டாக்டரம்மா, கடைசியில் இவர்கள். காய்ந்த ஆற்று மணலில் வண்டிகள் இறங்கின. செட்டில் மச்சானின் குரல் வந்தது.

"டாக்டர், கடைசி வண்டிக்குச் சொல்லுங்க, வலது பக்கம் மணல் இளக்கம்னு. ஓவர்."

குரல் இவர்கள் வண்டியிலேயே கணீரென்று கேட்டது. மனைவி மைக்கை எடுத்தாள். பட்டனை அமுக்கி, ஒரு மூச்சு விட்டாள்.

"டாக்டர், முதல் வண்டிக்குச் சொல்லுங்க, கேட்டுச்சுன்னு. ஓவர்."

அப்புறம் டாக்டரம்மா: "எனக்கென்ன தலையெழுத்தா? உங்க ரெண்டு பேருக்கும் காது இருக்குல்ல? ஓவர்!"

இருந்தும் பயனில்லை. டாக்டர், பின்னாடி கியரைக் குறைக்கச் சொல்லுங்க. டாக்டர், முன்னாடி குறைச்சாச்சுன்னு சொல்லுங்க. ஆற்றைக் கடந்து மேடு ஏறும் வரை இதே கூத்துதான். மெத்தைக்காரருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மேட்டில் டீக்கு நிறுத்தினார்கள். அண்ணன் ஒரு பாறை, தங்கை ஒரு பாறை, நடுவில் டாக்டரம்மா பிளாஸ்க்கோடு. "மூணு பல்லைப் பிடுங்கினாக்கூட இவ்வளவு அலுப்பு இல்லை" என்று புலம்பிக்கொண்டே டீ ஊற்றினார். மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த மெத்தைக்காரர், பின் சீட்டிலிருந்து ஒரு தலையணையை எடுத்தார். தன் கையால் அடைத்துத் தைத்த, கல்லு மாதிரிக் கெட்டித் தலையணை. அதை அவள் சீட்டில் போட்டுத் தட்டிவிட்டார். கொக்கியிலிருந்து நழுவிய மைக் ஏற்கெனவே அந்த சீட்டில் விழுந்து கிடந்ததை இவர் பார்க்கவில்லை. தலையணை மைக்மேல், மனைவி தலையணைமேல். வண்டிகள் கிளம்பின.

இனிப் பாதை குறுகல். ஒரு பக்கம் பாறைச் சுவர், இன்னொரு பக்கம் சரிவு. மெதுவாக ஊர்ந்தார்கள்.

"உங்க அண்ணனுக்கு இருக்கற திமிரைப் பார்த்தியா?" என்று ஆரம்பித்தார் மெத்தைக்காரர். "ஊரை விட்டே போறான், தங்கச்சி பக்கத்துல உட்கார்ந்து ஒரு வாய் டீ குடிக்கலை. கிரீஸ் மண்டையன்!"

"இந்தாங்க, எங்க அண்ணனை நான் திட்டலாம். நீங்க திட்டக்கூடாது."

"அடேயப்பா! நீயே பேசறதில்லை, உனக்கு எதுக்கு வக்காலத்து?"

அப்போதுதான் அவருக்கு ஏதோ உறைத்தது. செட்டில் சத்தமே இல்லை. இரைச்சல் இல்லை, டாக்டரம்மாவின் புலம்பல் இல்லை. குனிந்து பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மைக் எங்கே? மனைவிக்கு அடியில், தலையணைக்கு அடியில், தலையணை விளிம்பில் சுருள் வயர் மட்டும் எட்டிப் பார்த்தது. அவர் சொன்ன கிரீஸ் மண்டையன் முதல் வண்டிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். தானாகக் கட்டாகும் வசதியைத்தான் எடுத்தாயிற்றே! "ஏய், எழுந்திரு" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. அவள் வக்காலத்து வாங்கினதும் போய்ச் சேர்ந்திருக்குமே?

மெத்தைக்காரர் வாயை மூடினார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், மூடியே விட்டார். முன்னால் பாதை நன்றாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு வண்டியை இன்னும் மெதுவாக்கினார்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?" அவள் திரும்பிப் பார்த்தாள். "உடம்பு சரியில்லையா?"

தலையை மட்டும் ஆட்டினார். உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டார். இப்படி ஒரு அமைதி கல்யாணமான நாளிலிருந்து அந்த இருவருக்கும் நடுவில் இருந்ததில்லை. அவளுக்கே அது என்னவோ போல் இருந்திருக்க வேண்டும். அவளாகப் பேச ஆரம்பித்தாள்.

"திட்டினதுக்கா எனக்குக் கோபம்? வண்டியை இடிச்சா யாரும்தான் திட்டுவாங்க. மறுநாள் வருவான், 'சுண்டு'ன்னு கூப்பிடுவான்னு வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தேங்க. சின்ன வயசுல சுண்டெலி மாதிரி இருப்பேன்னு அவன் வச்ச பேரு. வேற யாரும் கூப்பிட்டா அடிப்பான். அன்னைக்கு வரலை. அதுக்கப்புறம் நானா எப்படிப் போறது? இப்ப ஊரை விட்டே போறான். ஒரு வாரமா எனக்குச் சோறு எறங்கலை. போனதுக்கப்புறம் எனக்குன்னு அந்தப் பேரைச் சொல்ல யார் இருக்கா?"

குரல் உடைந்துவிட்டது அவளுக்கு. "இதை ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லலை?" என்று மட்டும் கேட்டார் மெத்தைக்காரர்.

"நீங்க பேசறதுக்கு நடுவுல எந்த இடத்துல சொல்றது?"

டாக்டரம்மாவின் வண்டி முன்னால் நின்றுவிட்டது. இவரும் நிறுத்தினார். பாறைச் சுவரை ஒட்டி மச்சான் நடந்து வந்துகொண்டிருந்தார். நடையா அது? பாதி ஓட்டம். கையில் டாக்டரம்மாவின் கையடக்க செட். நேராக அவள் ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"சுண்டு" என்றார்.

அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள், கையில் இருந்த செட்டைப் பார்த்தாள், அதிலிருந்து தன் விசும்பலே திரும்பி வருவதைக் கேட்டாள். இரண்டு செட்டும் கிட்டக் கிட்ட வந்ததால் காது கிழிகிற மாதிரி ஒரு கீச்சொலி கிளம்பியது. துள்ளி எழுந்து தலையணையை இழுத்து எறிந்தாள். மைக் கிடந்தது. கீச்சொலி நின்றது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று புருஷனைப் பார்த்தாள்.

"சிவப்பு விளக்கு எரிஞ்சுது."

"பார்த்துட்டும் சொல்லலையா?"

"சொல்லலை."

"வாழ்க்கையில சொல்ல வேண்டிய ஒரே விஷயம் இதுதான், இதை மட்டும் சொல்லலை!" அவள் தலையணையால் அவரை ஒரு சாத்து சாத்தினாள். கெட்டித் தலையணை. அவர் வாங்கிக்கொண்டார்.

"அவரை விடு" என்றார் மச்சான். "மறுநாளே நான் சொல்லி அனுப்பினேனே? கத்தினது தப்பு, சாயங்காலம் வர்றேன், வரலாமான்னு கேட்டுச் சொல்லுங்கன்னு மாப்ளேகிட்டச் சொன்னேன். நீதான் பதிலே சொல்லலையாம்."

"எங்கிட்டயா? எப்போ?"

இரண்டு பேரும் சேர்ந்து மெத்தைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னேனே!" என்றார் அவர் பரிதாபமாக. "அந்த லாட்ஜ்காரர் மொத்தமா மெத்தை ஆர்டர் கொடுத்த கதையைச் சொன்னேன் பாரு, ராத்திரி படுத்துக்கிட்டு? அதுல லாரி வந்து நின்ன இடத்துக்கு அப்புறம், மச்சான் அந்தப் பக்கமா வந்தாரு, அப்போ..."

"அந்தக் கதையில லாரி வர்றதுக்கு முன்னாடியே நான் தூங்கிட்டேன்!"

இருட்டில் அவள் தூங்கினதே தெரியாமல் இவர் பேசிக்கொண்டே போயிருக்கிறார். பதில் வராததைப் பார்த்து, காலையில் மச்சானிடம் போய், 'அவ ஒண்ணும் சொல்லலை' என்று சொல்லியும் விட்டார். இரண்டு வருஷம்! செருப்புத் தேயத் தூது போனதாக நினைத்துக்கொண்டிருந்த அவர்தான் நடுவில் நின்று அடைத்துக்கொண்டிருந்தார். மனுஷருக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. "தப்பு என்னோடது" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை நீட்டவில்லை.

செட் கரகரத்தது. "அப்பாடா, இப்பவாவது எனக்குப் பேச வழி விட்டீங்களே!" என்றார் டாக்டரம்மா. "அந்த லாட்ஜ் கதையை நானும் கேட்டிருக்கேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு. ஓவர்."

முதலில் சிரித்தது மனைவிதான். அப்புறம் மச்சான். கடைசியில் மெத்தைக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"முன்னாடி பாதை சரிஞ்சு கிடக்கு" என்றார் மச்சான். "மூணு வண்டியும் பின்னாலயே போய்த் திரும்பணும். கடைசி வண்டிதான் முதல்ல. மாப்ளே, எறங்கி இந்தப் பக்கம் வாங்க. சுண்டு எடுக்கட்டும்."

"நானா? பின்னாலயா?" அவள் முகம் வெளுத்தது. "இடிச்சுட்டேன்னா?"

"நான் பின்னாடிதான் நிக்கப் போறேன். இடிச்சா என்னைத்தான் இடிப்ப. கத்த மாட்டேன்."

அவர் செட்டோடு ஜீப்புக்குப் பின்னால் போனார். அவள் ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடியில் தூசிதான் தெரிந்தது, அண்ணன் தெரியவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இறுகியிருந்ததால் மைக்கை மெத்தைக்காரர் எடுத்துக்கொண்டார். அவள் வாய்க்கு நேரே நீட்டிப் பிடித்தார்.

"சுண்டு, நேரா வா. அவசரமே இல்லை. ஓவர்."

மெத்தைக்காரர் பட்டனை அமுக்கினார். ஒரு மூச்சு விட்டார்.

"வர்றேண்ணா. ஓவர்."

விட்டார். ஜீப் மெல்லப் பின்னால் நகர்ந்தது. ஒரு சக்கரம் கல்லில் ஏறி இறங்கியது, அவள் உதட்டைக் கடித்தாள், வண்டி ஆடி நேரானது. "அப்படித்தான். கொஞ்சம் இடது. ஓவர்." அமுக்கினார். "இவ்வளவு போதுமாண்ணா? ஓவர்." விட்டார். "போதும், போதும், அருமையா வர்ற. ஓவர்." சரிவுப் பக்கம் பள்ளத்தாக்கு முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றிச் சொல்ல மெத்தைக்காரருக்கு அருமையான விஷயம் ஒன்று தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, அவள் அடுத்து எப்போது வாயைத் திறப்பாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கட்டை விரல் பட்டன்மேல்.